நோகாத சப்பாத்து

இங்கிலீசுக்காரர் வாசலில் நின்று விடைபெறும்போது சொல்வதில் பாதிக்கு அர்த்தம் கிடையாது. ஒருநாள் சாப்பிட வாருங்கள் என்பார்கள், நாள் சொல்லமாட்டார்கள். கட்டாயம் சந்திக்கவேண்டும் என்பார்கள், பிறகு கிறிஸ்மஸ் கார்ட் ஒன்றுதான் வரும். அதில் பொய்யும் இல்லை, களவும் இல்லை, அது அவர்களுடைய பழக்கம். லண்டனுக்கு வந்த இத்தனை வருசத்தில் எனக்கு இது விளங்கிவிட்டது. மிச்சம் என்ற ஊரில், ட்ராம் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து அவர்களோடு பேசுகிற என் கணவர் சற்குணத்துக்கு என்னைவிட நன்றாக விளங்கும். ஆனால் அன்றைக்கு வாசலில் நின்று சொன்னவர் சம்பந்தி. அங்கேதான் இவருக்குப் புத்தி மழுங்கியது.

எங்கள் ஒரே மகள் துஷ்யாவுக்கும் டொமினிக் என்ற பெடியனுக்கும் சித்திரையில் கலியாணம் என்று நாள் குறிக்க, பெடியனின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தகப்பன் பெயர் ஜைல்ஸ். நெட்டை மனிதர், சிவந்த முகம், நல்ல குணம். நண்டுக் குழம்பை மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார். துஷ்யா சொல்லிக்கொடுத்தபடி வரும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். போகும்போது ஜைல்ஸ் படியில் குந்தி லேஸ் கட்டிக்கொண்டு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார், ஒரு சனிக்கிழமை எங்களோடு வேட்டைக்கு வாருங்களேன் சற்குணம், நல்ல சப்பாத்து ஒரு சோடி இருந்தால் போதும் என்று.

கட்டாயம் வருகிறேன் என்று இவர் தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை பகுதி ஒன்று கேட்டால் பெண் பகுதி மறுசொல் சொல்வதில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் மத்தியானத்தைப் பார்த்து இருட்டிவிட்டது என்றால், பெண்ணின் தகப்பன் விளக்கைக் கொளுத்தவேண்டும். பாவம் ஜைல்ஸ். தான் மாப்பிள்ளை பகுதி என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. துஷ்யா தகப்பனுக்கு இங்கிலீசில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார், பொயிலர் திருத்த வந்தவனையும் கூப்பிட்டவர் என்றாள்.

"பொயிலர் திருத்த வந்தவன் அவைக்குப் பெண் குடுக்கேல்லை," என்றார் இவர்.

எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு துஷ்யாவைக் கொண்டே மெசேஜ் அனுப்பவைத்தார். ஜைல்ஸ் அதைப் பார்த்துத் திகைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நல்ல மனிதர், அன்றே பதில் போட்டார். லண்டனுக்கு வெளியே அவருடைய கூட்டாளிமார் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த காடு ஒன்று இருக்கிறதாம். பெசன்ட் என்று ஒரு பறவை, காட்டுக்கோழி மாதிரி. துவக்கு வைத்திருப்பவர்கள் சுடுவதற்கு ஒரு பக்கம் வரிசையாக நிற்பார்கள். மற்றவர்கள் பற்றைக்குள்ளால் தடியோடு நடந்து மரத்தில் தட்டித் தட்டிப் பறவையைக் கலைத்துவிட வேண்டும். இவருக்கு அந்தக் கலைக்கிற வேலை. நாள் முழுக்க ஈரத்திலும் சேற்றிலும் நடக்கவேண்டி வரும், தண்ணீர் உள்ளே போகாத, காலுக்குச் சுகமான சப்பாத்தாக வாங்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். லண்டனில் கடை முதலாளி, சம்பந்தி வீட்டுக்குக் கோழி கலைக்கப் போகிறார் என்று நான் இவரைப் பகிடி பண்ணினேன். அப்போது எனக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

ஒரு பயம் மட்டும் அடிமனதில் இருந்தது. இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஜேர்மனியில் இருந்த காலத்திலேயே வந்தது. வீட்டுக்குள் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், வெளியில் ஒருத்தருக்கும் சொல்வதில்லை, சம்பந்தி வீட்டுக்கு வாயே திறக்கக்கூடாது என்பது இவருடைய கட்டளை. பெண்ணின் தகப்பனுக்கு வருத்தம் என்று தெரிந்தால் நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும் என்று யோசிப்பார்களாம். அன்று சாப்பாட்டு மேசையில் டொமினிக்கின் தாய் தன் முழங்கால் ஒப்பரேசனைக் கத்தரிக்காய்க் கறியோடு சேர்த்து ஒன்றும் விடாமல் விபரித்துக்கொண்டிருந்தார். இவரோ, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து, ரவைக் கேசரியை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

சீனி காலைத்தான் முதலில் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டூட்டிங்கில் கிருஷ்ணராசா அண்ணை இருக்கிறார், இவரோடு ஜேர்மனியில் ஒரே அறையில் இருந்தவர். செருப்பு வார் வெட்டிய சின்னக் காயம் ஒன்று அவருக்குத் தெரியாமலே பழுத்து, மணக்கத் தொடங்கின பிறகுதான் பார்த்தார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. நாங்கள் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் இருந்து சிரித்துப் பேசினார். இவர் அவருடைய முகத்தை மட்டும் பார்த்தார், போர்வையின் பக்கம் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு, டொக்டர் வீட்டு நேர்ஸ் கால் பார்த்தவவா என்று நான் கேட்கும்போதெல்லாம், பார்த்தவ, எல்லாம் ஓகே என்பார். நானும் நம்பினேன்.

சப்பாத்து வாங்க நானும் கூடப் போனேன். தனிய விட்டால் பக்கத்துக் கடை யேசுரட்ணத்திடம் போய், கட்டட வேலைக்குப் போடுகிற இரும்பு மூக்குச் சப்பாத்தை மலிவாக வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். யேசுரட்ணத்தைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறி டூட்டிங் போய், அங்கிருந்து நோர்தேர்ன் லைன் ரெயின் பிடித்துப் போனோம். பிக்கடிலிக்குப் பின்னால் ஒரு தெருவில் வேட்டைச் சாமான் விற்கிற கடை. உள்ளே தோலும் மெழுகும் மணத்தது. சுவரில் ஒரு மானின் தலை. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு நான் மானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையில் நின்ற பெட்டைக்குத் துஷ்யாவின் வயதுதான் இருக்கும், முகமெல்லாம் செம்புள்ளி. வேலையில் கெட்டிக்காரி. எங்கே நடக்கப்போகிறீர்கள், எவ்வளவு நேரம், மலையா சமதரையா என்று இவரிடம் கேட்டாள். தோல் சப்பாத்து காலுக்குக் காற்றுவிடும், ஆனால் ஊறினால் பாரம், பராமரிக்கவும் வேண்டும் என்றாள். உங்களுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர்தான் சரி, உள்ளே மெத்தென்று துணி வைத்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்றாள். குதி மேலே எழும்பக்கூடாது, விரல்கள் முன்னால் முட்டக்கூடாது, தடித்த சொக்ஸோடு போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடை நடுவில் கல் பதித்த சின்ன மரமேடு ஒன்று இருந்தது, ஏறி இறங்கிப் பார்ப்பதற்கு. கடைசியில் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. நான் எவ்வளவும் சொல்லலாம், ஆனால் சுகமா இல்லையா என்று உங்கள் கால்தான் சொல்லவேண்டும் என்றாள்.

இவர் முதல் சோடியைப் போட்டார். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். வெரி குட் என்றார். இரண்டாவது சோடி. அதுவும் வெரி குட். மூன்றாவது கொஞ்சம் சின்ன அளவு, அவள் ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்தது. அதைப் போட்டதும் இவருடைய முகம் மலர்ந்தது. இதுதான் சரி, இதுதான் பிடிப்பாக இருக்கிறது என்றார். அவளுடைய நெற்றி சுருங்கியது. இது உங்களுக்கு இறுக்கமாக இருக்கவேண்டுமே என்று சொல்லி, நாலாவது பெட்டியைத் திறந்து வலது சப்பாத்துக்குள் கிடந்த பேப்பரை உருவி எடுத்துவிட்டுச் சப்பாத்தைக் கொடுத்தாள். அந்த நேரம் வேறு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இவர் இடது சப்பாத்தைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார், இறங்கினார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மானின் தலை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். எனக்கும் அது நல்ல சப்பாத்தாகத்தான் தெரிந்தது.

அவள் வந்து எப்படி என்று கேட்டாள். ஃபர்ஸ்ட் கிளாஸ், வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

கழற்றியபோது அவள் இடது சப்பாத்தை வாங்கிக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து பந்தாகச் சுருட்டிய பேப்பர் விழுந்தது. அதன் பின்னால் வடிவு குலையாமல் இருக்க வைக்கிற தடித்த மட்டைத் துண்டு ஒன்று, மூலையெல்லாம் கூரானது, நசிந்து விழுந்தது. அவள் சிரித்தாள். ஐயோ என் பிழை, இதை வைத்துக்கொண்டா நடந்தீர்கள், நீங்கள் நல்ல பொறுமைசாலி என்றாள். இவரும் சிரித்தார். நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்காமல் அந்த மட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆள் அறியாமல் வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றைப் பார்ப்பது போல.

வீட்டுப் படியில் ஒரு செருப்பு கழன்று கிடக்க, இவர் மற்றச் செருப்போடு மேலே போய்க் கட்டிலில் படுத்தது ஞாபகம் வந்தது. மறதி என்று ஏசினேன். சமையலறையில் சுடுதண்ணீர் காலில் ஊற்றுப்பட்டபோது சத்தம் போடாமல் துடைத்துக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது. கெட்டித்தனம் என்று நினைத்தேன். பக்கத்தில் படுக்கிற ஆளின் கால் செத்துப்போனது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டை இவரிடம் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். காலை அளக்கவைத்தேன். சின்னப் பிள்ளையில் துஷ்யாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தை அமத்திப் பார்த்ததுபோல முழந்தாளிட்டு, பெருவிரல் எங்கே நிற்கிறது என்று ரப்பரை அமத்திப் பார்த்தேன். குதிக்குப் பின்னால் என் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு மனுசனுக்கு இந்த உலகத்தில் சப்பாத்து சுகமாக இருக்கிறதா என்று இன்னொருத்தி சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. இதைத் தாருங்கள் என்றேன்.

ரெயினில் இரண்டு பேரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எது என்று கேட்டார். விளையாடாதேங்கோ என்றேன். போன மாரிகாலத்திலிருந்து என்றார். முதலில் விறைப்பு மாதிரி இருந்ததாம், பிறகு பஞ்சில் நடப்பது மாதிரி, பிறகு ஒன்றும் இல்லையாம். நேர்ஸ் என்ன சொன்னவ என்று கேட்டேன்.

"நான் போகேல்லை. கிருஷ்ணராசாவுக்கும் முதல் அந்த நூலாலதான் தொட்டுப் பாத்தவை. அதுக்குப் பிறகுதான் ஒவ்வொண்டாப் போனது."

நைலோன் நூல் ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டுத்தான் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நூல்தான் காலைக் கொண்டுபோனது என்பதுபோல இவர் கதைத்தார். வேட்டைக்குப் போகவேண்டாம், ஜைல்சுக்கு நான் போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். இவர் தன் போனை எடுத்தார். திரையில் துஷ்யாவின் படம், பட்டமளிப்பன்று எடுத்தது. என் கையைப் பிடித்து அந்தப் படத்தின்மேல் வைத்தார்.

"பிள்ளையின்ர தலையில சத்தியம் பண்ணும். கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லும். பிறகு நீர் சொல்லுற டொக்டரிட்டை எல்லாம் வாறன்."

ரெயினுக்குள் எங்களைப் பார்த்தவர்கள், வயதான சோடி பிள்ளையின் படம் பார்க்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிள்ளையின் தலையில் கையை வைத்த பிறகு எந்தத் தாய் கையை எடுப்பாள். பண்ணினேன். பதிலுக்கு இவரிடமும் ஒரு வாக்கு வாங்கினேன், போடும்போதெல்லாம் உள்ளே கை விட்டுப் பார்த்துத்தான் சப்பாத்தைப் போடவேண்டும் என்று. கட்டாயம் என்றார், ஜைல்சுக்குச் சொன்ன அதே குரலில்.

அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன். செய்யக்கூடியது என்ன பெரிதாக. டொக்டர் வீட்டுக்குப் போன் அடித்தேன், அவசரமா என்று கேட்டார்கள், காலில் நோ இருக்கிறதா என்று கேட்டார்கள். நோ இல்லை, அதுதான் வருத்தம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அடுத்த மாதம் ஒரு நாள் தந்தார்கள். ஒவ்வொரு நாளும் இவருடைய காலை மடியில் வைத்து விரலிடுக்கெல்லாம் பார்த்தேன். இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நுள்ளியும் பார்த்தேன். டிவியில்தான் கண்.

வேட்டைக்குப் போகும் காலையில் சப்பாத்து இரண்டையும் சமையலறை மேசையில் வைத்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, தையல், மடிப்பு, மூக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு மண் துகளும் இல்லை. மடிப்பில்லாமல் சொக்ஸ் போட்டுவிட்டேன். இவர் அயர்ன் பண்ணின காற்சட்டையும், துஷ்யா வாங்கிக் கொடுத்த தொப்பியுமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். வடிவாகத்தான் இருந்தார். டொமினிக் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். அன்று முழுக்க மழை தூறியது. நான் சாமியறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன், துஷ்யா என்னம்மா உங்களுக்கு என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு இருப்பது போல இருந்தது.

பின்னேரம் கார்ச் சத்தம் கேட்டது. டொமினிக்கோடு ஜைல்சும் வந்திருந்தார். மூன்று பேரும் சேறும் சிரிப்புமாக வாசலுக்கு வந்தார்கள். ஜைல்ஸ் கையில் கயிற்றில் கட்டிய இரண்டு பறவைகள், ஒன்று மினுமினுவென்று செம்பு நிறம். எனக்குத்தானாம். சற்குணத்தைப் போல ஒரு ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை, இளம் பெடியங்கள் எல்லாம் களைத்துவிட்டார்கள், இவர் கால் நோகுது என்று ஒரு சொல் சொல்லவில்லை என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கலியாணம் பேசின நாளிலிருந்து இவரை நான் இவ்வளவு சந்தோசமாகப் பார்க்கவில்லை.

ஜைல்ஸ் நிறுத்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் நடந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். சாப்பாடு ஒரு பழைய களஞ்சியத்துக்குள். அங்கே ஒருத்தரும் சப்பாத்துக் கழற்றுவதில்லை, சேற்றுக் காலோடுதான் போய் இருப்பார்கள். ஆனால் இவர் பழக்கதோசத்தில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு சொக்ஸோடு உள்ளே போனாராம். அதைப் பார்த்து ஜைல்சும் கழற்ற, மற்றவர்களும் கழற்ற, வாசலில் கோயில் மாதிரிச் சப்பாத்துக் குவியலாம். ஒரு நாய்க்குட்டி இவருடைய இடது சப்பாத்தைக் கவ்விக்கொண்டு சரளைக்கல்லுக்கு மேலால் ஓட, எல்லோரும் கலைத்துக்கொண்டு ஓடினார்களாம். கடைசியில் தானே பிடித்துத் துடைத்துக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டு இவர் கையில் கொடுத்ததாகச் சொல்லி ஜைல்ஸ் சிரித்தார்.

நான் இவரைப் பார்த்தேன். கை விட்டுப் பார்த்தீங்களா என்று கண்ணால் கேட்டேன். இவர் கண்ணைத் தாழ்த்தினார். எனக்கு விளங்கியது. சம்பந்தி தன் கையால் துடைத்து நீட்டுகிற சப்பாத்துக்குள், அத்தனை பேர் பார்த்திருக்க, கையை விட்டுத் துழாவுவாரா இந்த மனுசன். அப்படியே வாங்கி மாட்டியிருப்பார். அதோடு பின்னேரம் முழுக்கக் காட்டுக்குள் நடந்திருப்பார்.

ஜைல்ஸ் எங்கள் வாசல் படியில் குந்தித் தன்னுடைய சப்பாத்தைக் கழற்றினார். டொமினிக்கும் கழற்றினான். சொக்ஸோடு உள்ளே வந்து நின்று, இரண்டு பேரும் இவரைப் பார்த்தார்கள். இவர் படிக்கு வெளியே மழைத் தூறலில் நின்றார். தோட்டத்துப் பக்கத்தால் வாறன் என்றார், எங்கள் அடுக்குமாடி பிளற்றில் தோட்டம் எங்கே இருக்கிறது. தன் வீட்டு வாசலில், தன் வீட்டு வழக்கத்துக்குப் பயந்து ஒரு மனுசன் நின்றார். நான் ஒன்றும் செய்யமுடியாமல் இரண்டு செத்த பறவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துஷ்யா, என்னப்பா நனையிறீங்கள் என்று சொல்லிக்கொண்டு போய்க் குனிந்து இவருடைய இடது சப்பாத்தைப் பிடித்து இழுத்தாள். சப்பாத்து லேசில் வரவில்லை. வந்தபோது அது சரிந்து, ஒரு கூரான வெள்ளைக்கல் கால்மிதியில் விழுந்தது. அதன் பின்னால் இரத்தம் ஊற்றியது. கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாத சப்பாத்து, உள்ளே இருந்ததை ஒரு சொட்டும் வெளியே விடாமல் வைத்திருந்தது. சாம்பல் நிறச் சொக்ஸ் குதி வரைக்கும் கறுத்துப்போய், பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்து திறந்து கிடந்தது.

டொமினிக் ஏதோ சொல்லிக்கொண்டு துவாய் எடுக்க ஓடினான். ஜைல்ஸ் அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த சிவப்பு எல்லாம் இறங்கிவிட்டது. இது உங்களுக்குத் தெரியவில்லையா சற்குணம் என்று மெதுவாகக் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். என் வாயில் சத்தியம் இருந்தது.

துஷ்யா தகப்பனின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "அப்பா, நோகுதா?"

"ஓம் பிள்ளை," என்றார் இவர். "சரியா நோகுது."

பிள்ளை விம்மி விம்மி அழுதாள். இவர் அவளுடைய தலையைத் தடவினார். அந்த மனுசனின் முகத்தில் நோவின் ஒரு கோடு இல்லை, நோ இருக்கிற ஆள் முகத்தை எப்படி வைத்திருப்பார் என்று யோசித்து யோசித்து வைத்த முகம். கடவுளே, இந்தப் பொய் உண்மையாக இருக்கக்கூடாதா, இவருக்கு நோகக்கூடாதா, துடிதுடிக்க நோகக்கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். புருசனுக்கு நோகவேண்டும் என்று வேண்டின பெண்சாதி நானாகத்தான் இருப்பேன்.

டூட்டிங் ஆஸ்பத்திரிக்கு ஜைல்ஸ்தான் காரை ஓட்டினார். எங்களுக்கு முன்னால் இறங்கி ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி தேடிக்கொண்டு வந்தார். பதிவு மேசையில் இருந்தவர், டயபிற்றிஸ் இருக்கிறதா என்று இங்கிலீசில் கேட்டார். ஜைல்ஸ் பக்கத்திலேயே நின்றார். இவர் தலையைக் குனிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆள்போல, இருக்கிறது என்றார். எனக்கும்தான், பல வருசமாக மாத்திரை என்றார் ஜைல்ஸ், பஸ் நம்பர் சொல்வது போல. பிறகு இவருடைய தோளில் கையை வைத்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கேசரி இரண்டாம் தரம் வாங்கியதுதான் ஞாபகம் வந்தது.

உள்ளே எங்களைப் பார்க்க வந்த டொக்டர் தமிழ்ப் பிள்ளை, இந்தியாக்காரி. சட்டையில் சுப்ரியா என்று பெயர் இருந்தது. காயத்தைக் கழுவி, நீண்ட நேரம் பார்த்தாள். எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று படம் எடுக்கவேண்டும், பெரிய டொக்டரும் பார்க்கவேண்டும் என்றாள். விரலைப் பற்றி துஷ்யா கேட்டாள். இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, பேனாபோல ஒன்றை எடுத்தாள். அதன் நுனியில் நைலோன் நூல்.

இவர் அதைக் கண்டுவிட்டார். கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜைல்ஸ் மூலையில் அந்தச் சப்பாத்துச் சோடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், யாரும் அவரை வைத்திருக்கச் சொல்லவில்லை.

"அங்கிள், கண்ணை மூடிக்கோங்க. நான் தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க, போதும்."

இவர் கண்ணை இறுக்கி மூடினார். டொக்டர் பெருவிரலில் தொட்டாள். நூல் வளைந்தது. இவர் பேசாமல் இருந்தார். பாதத்தின் நடுவில் தொட்டாள், வளைந்தது. குதியில் தொட்டாள். மற்றக் காலிலும் தொட்டாள். நான் சத்தியத்தை மீறவில்லை, மீறத் தேவையும் இருக்கவில்லை. துஷ்யா அந்த நூலையும் தகப்பனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். டொக்டர் நூலைத் திரும்ப லாச்சிக்குள் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அறை அமைதியாகிவிட்டதை இவர் உணர்ந்திருக்கவேண்டும். தன்னிடம் பதிலை எதிர்பார்த்து எல்லோரும் நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். மூடின கண்ணைத் திறக்காமல், ஒருத்தரும் தொடாத காலை நீட்டிக்கொண்டு, "ஓம், தெரியுது," என்றார்.